பதினொரு வருஷத்துப் பழுப்பன்

“வண்ணத்துப்பூச்சி எண்ணப் போறியா? மனசுக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கும்!” என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிம்மதியாவது மண்ணாங்கட்டியாவது. ஏப்ரல் ஒன்றிலிருந்து செப்டம்பர் கடைசி வரை இருபத்தாறு வாரம், வாரம் ஒரு நடை. காலை பத்தே முக்காலுக்கு முன்னால் கிளம்பக் கூடாது, மத்தியானம் மூன்றே முக்காலுக்கு மேல் எண்ணக் கூடாது. வெயில் அடிக்க வேண்டும், காற்று அடிக்கக் கூடாது. மழையும் காற்றும் ஓயாத டார்செட்டில் குடியிருந்துகொண்டு இந்த இரண்டையும் ஒரே நாளில் எதிர்பார்க்கிறவளுக்கு நிம்மதி எங்கிருந்து வரும்?

வழி ஒன்றேதான், வருஷா வருஷம் அதே வழி. இடப்பக்கம் இரண்டரை மீட்டர், வலப்பக்கம் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர். கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்குள் வருகிற பூச்சிதான் கணக்கில் சேரும். வெளியே பறப்பது எவ்வளவு அபூர்வமானதாக இருந்தாலும் சரி, நமக்கு அது கிடையாது. முதுகுக்குப் பின்னால் வருவதைத் திரும்பிப் பார்த்து எண்ணினால் அது திருட்டு. ஒன்றுமே வராவிட்டால் சைபர் போட வேண்டும். சைபர் போடச் சோம்பல்படுகிறவர்கள் இந்த வேலைக்கு வரவே கூடாது என்பது என் கட்சி.

நான் ஏவ்ரில் ஸ்டிக்லண்ட். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையல்காரி. வரிசையில் நிற்காத பிள்ளைகளைக் கரண்டியைக் காட்டியே நிற்க வைத்தவள். ஓய்வு பெற்ற வருஷம், வீட்டுக்காரர் டென்னிஸின் தொல்லை தாங்காமல் வெளியே போக ஒரு சாக்கு தேடிக்கொண்டிருந்தேன். ஊருக்குக் கிழக்கே வெர்னன் லோடரின் பண்ணையில் சுண்ணாம்பு மண் சரிவு ஒன்று இருக்கிறது. அதை எண்ண ஆள் இல்லை என்றார்கள் வண்ணத்துப்பூச்சிக் கணக்கு எடுப்பவர்கள். நடக்கும் வழியை ஏழு பிரிவாகப் பிரித்து, வியாழக்கிழமை என் நாள் என்று வைத்துக்கொண்டேன். இது பதினோராவது கோடை.

வெர்னன் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே. வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டான். முதல் வருஷமே அவனுடைய சரிவில் நான் பழுப்பனைக் கண்டுபிடித்தேன். பழுப்பு ஆர்கஸ் என்பது முழுப்பெயர், நாங்கள் பழுப்பன் என்போம். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். சாக்லேட் நிற இறக்கை, ஓரம் முழுக்க ஆரஞ்சுப் பொட்டு. எங்கள் வட்டாரத்தில் வேறு யாருடைய பட்டியலிலும் அது கிடையாது. தலைகால் புரியாமல் வெர்னனிடம் ஓடினேன்.

“மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் முடியற வரைக்கும் ஆட்ட உள்ள விடாத வெர்னன். உன் சரிவுல என்ன இருக்கு தெரியுமா?”

“புல்லு இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அப்படிச் சொன்னவன், மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் தானாகவே என் வீட்டு வாசலில் வந்து நின்று தொப்பியைக் கழற்றினான். “கதவ மூடிடறேன். நீ சொன்ன மாசம் எதுவோ, அது வரைக்கும்,” என்றான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பார்த்தாயா, என் பழுப்பன் இந்தக் கல்லையும் கரைத்துவிட்டான் என்று டென்னிஸிடம் ஒரு மாசம் பீற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒன்பது கோடை சரிவின் கதவு மூடியே கிடந்தது. ஏழு வகைப் பூச்சி இருந்த இடத்தில் இருபத்து நான்கு வகை வந்தது. ஒவ்வொரு அக்டோபரிலும் வருஷத்துக் கணக்கை ஒரு தாளில் அழகாக எழுதி வெர்னனிடம் கொடுப்பேன். பழுப்பனுக்கு மட்டும் அடிக்கோடு போடுவேன்.

இந்த வருஷம் ஏப்ரலுக்குப் பிறகு மழையே இல்லை. ஜூலையில் பண்ணை முழுக்க மிதியடி நிறத்துக்கு வந்துவிட்டது. பச்சை என்று சொல்ல முடியாவிட்டாலும், முழங்கால் உயரத்துக்குப் புல் நின்றது அந்தச் சரிவில் மட்டும்தான். இலையுதிர்காலத்தில் கிடாயோடு சேர்ப்பதற்கு முன்னால் பெட்டை ஆடுகளுக்கு வயிறு நிறைய வேண்டும். அவை கதவோரம் கூடி நின்று உள்ளே பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தன. நான் வேலியைத் தாண்டும்போதெல்லாம் என்னைத்தான் திட்டுகின்றன என்று தோன்றும்.

“இந்த வருஷம் மட்டும் கொஞ்சம் முன்னாடி திறக்கட்டுமா?” என்று வெர்னன் கேட்டான். பத்து வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது.

“ஐயய்யோ, ஆகஸ்ட்லதானே பழுப்பன் ரெண்டாவது தடவ வருவான்! இப்ப திறந்தா வம்சமே போயிடும்,” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். கதவு மூடியே இருந்தது.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் ரோவினாவிடமிருந்து போன் வந்தது. எங்கள் மாவட்டத்தில் யார் எங்கே எதை எண்ணினாலும் சரிபார்ப்பது அவள்தான். முப்பது வயசுப் பெண், குரலில் தேன், கண்ணில் பூதக்கண்ணாடி.

“ஏவ்ரில், உங்க பழுப்பன் படம் எல்லாம் இறக்கைய விரிச்சு வச்சதாவே இருக்கு. அடிப்பக்கம் தெரியற மாதிரி ஒண்ணு அனுப்ப முடியுமா? புது வரைபடம் போடறோம், அதான்.”

“பதினோரு வருஷமா பாக்கறேன். எனக்குத் தெரியாதா?”

“உங்களுக்குத் தெரியாம இருக்குமா! வரைபடத்துக்குத்தான் கேக்கறேன்.”

போனை வைத்ததும் வேறொன்று நினைவுக்கு வந்தது. பழுப்பன் முட்டையிடும் பாறை ரோஜாச் செடி அந்தச் சரிவில் ஒரு கொத்துகூடக் கிடையாது என்பது எனக்கு முதல் வருஷத்திலிருந்தே தெரியும். வேறு ஏதாவது செடியில் இட்டுக்கொள்ளும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சாதா நீலன் என்று ஒரு பூச்சி. பெயருக்கேற்ற மாதிரி ஆண்தான் நீலம், பெண் பழுப்பு. பெண்ணுக்கும் ஓரத்தில் ஆரஞ்சுப் பொட்டு. மேலே பார்த்தால் பழுப்பனும் நீலன் வீட்டுப் பெண்ணும் அக்காள் தங்கை மாதிரி. முன்னிறக்கையின் அடிப்பக்கத்தில், உடம்பை ஒட்டி ஒரு தனிக் கரும்புள்ளி இருந்தால் அது நீலன். இல்லாவிட்டால் பழுப்பன். புத்தகத்தின் முதல் பாடம் இது. என்னிடம் புதிதாக வந்த மூன்று பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அதைப் பார்க்க வெயிலேறும் முன்னால் போக வேண்டும். குளிர்ந்த காலையில் இந்தப் பூச்சிகள் புல் நுனியில் இறக்கையை மூடிக்கொண்டு தூங்கும், கிட்டே போய்ப் பார்க்கலாம். மறுநாள் ஏழு மணிக்குப் போனேன். பனியில் காலுறை நனைந்து சொதசொதவென்று ஆனது. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு புல்லாகக் குனிந்தேன். பழுப்பு இறக்கைக்காரி ஒருத்தி. அடியில் புள்ளி. இன்னொருத்தி. புள்ளி. அடுத்தது, புள்ளி. நாற்பத்தொன்று பார்த்தேன். நாற்பத்தொன்றிலும் புள்ளி.

வீட்டுக்கு வந்து பழைய படங்களை எல்லாம் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழெட்டில் இறக்கை பாதி மூடியிருந்தது. அதிலும் புள்ளி. பதினோரு வருஷமும் என் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்த புள்ளி! நான் பார்க்க நினைத்ததைத்தான் பார்த்திருக்கிறேன். அந்தச் சரிவில் பழுப்பன் என்று ஒருவன் ஒருநாளும் இருந்ததே இல்லை.

“யாருக்குத் தெரியப்போகுது?” என்றார் டென்னிஸ், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. “அடுத்த வருஷம் ‘காணோம், போயிட்டான்’னு எழுதிடு. பூச்சிதானே, போகாதா?”

“வாய மூடிட்டுச் சாப்பிடுங்க,” என்றேன். அவர் சொன்ன யோசனை அவருக்கு முன்னாலேயே என் மண்டைக்குள் வந்துபோனதுதான் கோபத்துக்குக் காரணம்.

ரோவினாவிடம் சொல்வது பெரிய விஷயமாகப் படவில்லை. அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். “தப்ப நீங்களே தேடிக் கண்டுபிடிச்சுச் சொன்னீங்க பாருங்க, அதுக்கு ரொம்ப நன்றி. பழைய படிவத்த எல்லாம் திருத்தி அனுப்புங்க, நான் மாத்திடறேன்,” என்றாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

வெர்னனை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. ஒன்பது கோடை அவனை ஒரு பொய்யால் கட்டிப்போட்டிருக்கிறேன். சொன்னால் கதவைத் திறந்துவிடுவான், திறக்க அவனுக்கு முழு உரிமையும் உண்டு. பிறகு ஒருநாளும் மூடமாட்டான். நீலனும் போகும், அதன் பங்காளி சுண்ணாம்பு நீலனும் போகும், இருபத்து நான்கு, இல்லை, இருபத்து மூன்று வகையும் போய்ப் பழையபடி மொட்டைச் சரிவாகும். சொல்லாவிட்டால் ஆடுகள் கத்திக்கொண்டே இருக்கும். இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கெல்லாம் போனேன். வெர்னன் கதவோரம் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். ஆடுகள் குறைவாக இருந்த மாதிரி தோன்றியது.

“மத்ததெல்லாம் எங்க?”

“போன திங்கள் பன்னெண்ட வித்துட்டேன்,” என்றான் நிமிராமல். “கிழடுங்க. எப்படியும் போக வேண்டியதுதான்.”

கிழடு ஒன்றும் இல்லை. எனக்கு ஆடு தெரியாதா? அந்தப் பக்கம் புல், இந்தப் பக்கம் பட்டினி. நடுவில் என் பேச்சைக் கேட்டு மூடின கதவு. அதைத் திறப்பதற்குப் பதில் ஆட்டை விற்றிருக்கிறான். அங்கேயே கொட்டிவிட்டேன். புள்ளி, இறக்கை, நாற்பத்தொன்று, பதினோரு வருஷம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

“பழுப்பன் இல்லவே இல்ல வெர்னன். ஒருநாளும் இருந்ததில்ல. எல்லாம் சாதா நீலன். ஊர் முழுக்க இருக்கிற பூச்சி. உன்ன ஏமாத்திட்டேன். கதவத் திற. இப்பவே திற. என்ன எவ்வளவு வேணா திட்டு.”

அவன் குழாயை மூடினான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“அப்ப அந்தக் கணக்கெல்லாம் நீலனோட சேருமா?”

“சேரும்.”

“மொத்தம் குறையாதில்ல?”

“குறையாது. பேருதான் மாறும்.”

“அப்புறம் எதுக்கு இந்த ஒப்பாரி?”

“நீ பழுப்பனுக்காகத்தானே கதவ மூடின!”

“யாரு சொன்னா?”

வெர்னன் வேலியில் சாய்ந்துகொண்டான். அவன் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை, இனிமேலும் கேட்பேன் என்று தோன்றவில்லை.

“கோதுமை எல்லாம் மழையில படுத்துப்போச்சே, அந்த வருஷம். நீ வர ஆரம்பிச்சு ரெண்டாவது கோடை. வீட்டுக்காரி ஜோன் பிள்ளைங்களக் கூட்டிட்டு அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. ஒரு வியாழக்கிழமை நான் சரிவுக்கு மேல ஏறிப் போனேன். திரும்பக் கீழ இறங்கற யோசனையோட போகல. புரியுதா?”

புரிந்தது.

“நடு வழியில உக்காந்துட்டேன். நீ எழுதற அட்டையைப் பிடிச்சுக்கிட்டு வந்த. ‘யாரது என் பிரிவுல? எந்திரி, எந்திரி! உன் பின்பக்கத்துக்கு அடியில பூ நசுங்குது, பூச்சி எங்க போய் உக்காரும்?’னு கத்தின. என்ன ஆச்சு ஏது ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல. யாராவது கேட்டிருந்தா அன்னைக்கு அவ்வளவுதான். நான் எந்திரிச்சு நின்னேன். நீ எண்ணிக்கிட்டே தாண்டிப் போயிட்ட.”

“கடவுளே! வெர்னன்...”

“இரு, முடிக்கறேன். இந்தப் பண்ணைக்கு அட்டையத் தூக்கிட்டு எத்தன பேரு வந்திருக்காங்க. அரசாங்கம், வங்கி, மாட்டு டாக்டரு. எது சரியில்ல, எது குறையுதுன்னு எழுதிட்டுப் போவாங்க. அன்னைக்கு நின்னு பாத்தேன். நீ மட்டும் இங்க என்ன இருக்குன்னு எழுதற. சரி, அடுத்த வியாழனும் இந்தப் பொம்பள வருவாளான்னு பாத்துட்டுப் போலாம்னு இறங்கி வந்தேன். வந்த. அதுக்கு அடுத்த வியாழனும் வந்த. அப்படியே ஓடிப்போச்சு.”

எனக்கு அந்த நாள் நினைவே இல்லை. நான் திட்டினவர்களை எல்லாம் நினைவு வைத்துக்கொள்ள ஆரம்பித்தால் எனக்கு வேறு எதற்கும் தலையில் இடம் இருக்காது. வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் சங்கடப்பட்டு ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“கீழ இருக்கிற ரெண்டு பிரிவையும் திறந்து விடு,” என்றேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “நடுவுல தடுப்பு போட்டுக்கோ. அங்க நீலன் கொஞ்சம்தான். மேல அஞ்சு பிரிவு போதும். இதக் கேக்கலேன்னா நான் இனிமே வரமாட்டேன்.”

“வருவ,” என்றான். ஆனாலும் கதவைத் திறந்தான். ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு உள்ளே பாய்ந்த வேகத்தில் என் காலை மிதித்துவிட்டுப் போயின. அதுகளுக்கும் என் மேல் பாக்கி இருந்திருக்கும், மிதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

“மணி பத்தே முக்கால்,” என்றான் வெர்னன். “வெயில் இருக்கு. போய் எண்ணு.”

எண்ணினேன். கண் கலங்கலாக இருந்தபடியால் ஒவ்வொரு பழுப்புக்காரியையும் இரண்டு தடவை பார்த்தேன். சாதா நீலன் முப்பத்தேழு. எங்கள் மாவட்டத்தில் அந்த வாரம் அதிகபட்சம் எனக்குத்தான் என்று பிற்பாடு ரோவினா சொன்னாள்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசை முழுக்கப் பழைய படிவங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். சிவப்புப் பேனாவால் பழுப்பனை அடித்து, அந்த எண்ணை நீலனோடு கூட்ட வேண்டும். முதல் வருஷம் முடிந்தது. இரண்டாம் வருஷம் ஜூன், ஜூலை. ஆகஸ்ட் மூன்றாம் வியாழன். பத்தொன்பது டிகிரி, பாதி வெயில், லேசான காற்று. நான்காம் பிரிவு: சாதா நீலன் ஆறு, பழுப்பன் இரண்டு, சுண்ணாம்பு நீலன் சைபர். குறிப்பு என்ற கட்டத்தில் என் கையெழுத்து அவசர அவசரமாக ஓடியிருந்தது. படிவத்தில் ஆள் பெயர் எழுதுகிற வழக்கம் கிடையாது.

“வழியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். நகரச் சொன்னேன். நகர்ந்தார்.”

“என்ன ஏவ்ரில், தேம்பற?” என்று அடுக்களையிலிருந்து டென்னிஸ் கேட்டார்.

பழுப்பனை அடித்தேன். ஆறை எட்டாக்கினேன். நகர்ந்தாரே, அது போதும், நன்றி, நன்றி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடுத்த தாளை எடுத்தேன்.